காரில் கிடந்த இடுக்கி

அக்கா வீட்டில் பால் பொங்குகிற நேரத்தில் இடுக்கி அடுப்படியில் இருக்காது. காரில் கிடக்கும். கல்யாணச் சீரோடு கோவில்பட்டியிலிருந்து டெக்சாஸ் வரைக்கும் வந்த எவர்சில்வர் இடுக்கி அது. அத்தானின் பழைய காரில் ரேடியோவின் குமிழ் எந்தக் காலத்திலோ கழன்று தொலைந்துவிட்டது. மிச்சம் நின்ற மொட்டைக் கம்பியைத் திருகுவதற்கு அவருக்கு அந்த இடுக்கிதான் தோதாக இருந்தது. புதுக் குமிழ் ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். கடைசியில் கைக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு பாலை இறக்கப் பழகிவிட்டாள். ஊரிலிருந்து வருகிறவர்கள் அந்தக் காரில் ஏறி, முன் இருக்கையில் சமையல் சாமான் கிடப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்பார்கள். அத்தான் இடுக்கியால் கம்பியைப் பிடித்து ஒரு திருகு திருகுவார். பேஸ்பால் வர்ணனை வரும்.

தொண்ணூறில் அவர் தனியாளாக டெக்சாஸில் இர்விங்குக்கு வந்தபோது பேச்சுத்துணை என்று ஒருவரும் இல்லை. கார் ரேடியோதான் பேசியிருக்கிறது. ஆட்டம் புரியாத காலத்திலேயே கேட்டுக் கேட்டு, அக்கா வந்து சேர்வதற்குள் பேஸ்பால் பைத்தியம் முற்றிப்போய்விட்டது. ஆனால் யார் எத்தனை அடித்தார்கள் என்பதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம் கிடையாது. அவருடைய கண்ணெல்லாம் மைதானத்துக்கே வராமல் மேலே அறையில் உட்கார்ந்துகொண்டு யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தள்ளிவிடுவது என்று தீர்மானிக்கிற ஆபீஸ்காரர்கள் மீதுதான். அவர்களுக்கு அவர் வைத்த பெயர் மாடிக்காரர்கள். ஜூலைக் கடைசி நாள்தான் அவர்களுக்குக் கெடு. அதற்குள் ஒரு டீம் தன் ஆட்களைக் கொடுத்து இன்னொரு டீமின் ஆட்களை வாங்கிக்கொள்ளலாம். ஜெயிக்கிற டீம் நாளைக்கு வளர வேண்டிய பையன்களைக் கொடுத்துவிட்டு இன்றைக்கே அடிக்கிற ஆளை வாங்கும். தோற்கிற டீம் இருக்கிற நல்ல ஆளையும் விற்றுவிட்டுப் பையன்களை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். அன்றைக்கு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு அத்தான் ஆபீஸ் பார்க்கிங்குக்கு வந்து காரில் உட்கார்ந்துவிடுவார். ஆபீஸ் இருந்த லாஸ் கொலினாஸின் கண்ணாடிக் கட்டடங்கள் மொத்த வெயிலையும் கார் தலையில்தான் கொட்டும். ஏ.சி. பேருக்குத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, புளியோதரையை வாயில் போட்டபடி மாடிக்காரர்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பார்.

அந்தத் தீர்ப்புகளில் ஒரு விசித்திரம் உண்டு. நான் இரண்டாயிரத்தில் அங்கே போய் அக்கா வீட்டிலேயே தங்கி, அவர் வேலை பார்த்த, மற்ற கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிற அதே சின்ன கன்சல்டன்சியில் சேர்ந்தேன். அந்த வருஷம் ஜூலையில் என்னையும் காரில் உட்கார வைத்துக் கேட்க விட்டார். ஏதோ ஒரு டீம் ஒரு பையனைக் கொடுத்து ஒரு பெரிய ஆளை வாங்கியிருந்தது. நல்ல பேரமா அத்தான் என்று கேட்டேன். அதெல்லாம் அஞ்சு வருஷம் கழிச்சுத் தெரியும் என்றார். பிறகு, “நல்ல மாடிக்காரனா கெட்ட மாடிக்காரனான்னு மட்டும் இன்னைக்கே சொல்லிரலாம் மாப்ள. அனுப்புன ஆளுகிட்ட யாரு சொன்னா? அத மட்டும் பாரு” என்றார். மேனேஜர் கூப்பிட்டு முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, இல்லை அந்த ஆள் ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டாரா என்பதுதான் அவருடைய ஒரே அளவுகோல். கிறுக்கு என்று நினைத்தேன். ஜெயிக்கிறதும் தோற்கிறதும் பெரிதா, யார் சொன்னார்கள் என்பது பெரிதா?

மறு வருஷம் வேலைகள் வற்றத் தொடங்கின. கிளையன்ட் கம்பெனிகள் ஒவ்வொன்றாக எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பின. வேறு இடம் கிடைக்கும்வரை வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பதற்கு எங்கள் தொழிலில் பெஞ்சில் இருப்பது என்று பெயர். வசந்தத்திலேயே நான் பெஞ்சுக்கு வந்துவிட்டேன். அப்பாவிடம் போனில் பேசியபோது இது வாய்தவறி வந்துவிட்டது. அப்பா அரசுப் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெஞ்சு என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். அத்தானிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, “மருமகனே, அவன் என்ன தப்பு பண்ணுனான்? எதுக்குப் பெஞ்சு மேல ஏத்தி நிறுத்திருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார். அத்தானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவும் நானும் சேர்ந்து சிரித்தோம். பேஸ்பாலிலும் அது பெஞ்சுதான், ஆனால் அங்கே தப்பு பண்ணினவன் இல்லை, முறை வரக் காத்திருக்கிறவன்தான் உட்காருவான் என்று அத்தான் மாமனாருக்குப் பொறுமையாக விளக்கினார். அப்பா நம்பினாரா தெரியாது. அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அநேகமாக அதுதான் கடைசி.

ஏனென்றால் பெஞ்சில் யார் எங்கே போவது என்று தீர்மானிக்கிற வேலை அத்தானுடையது. முதலாளி நியூ ஜெர்சியில் இருந்தார். இர்விங்குக்கு இவர்தான் மாடிக்காரர். ஜூலையில் முதலாளி ஆள் மிச்சம் வைக்காமல் பெஞ்சைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நியூ ஜெர்சியிலேயே பிரிட்ஜ்வாட்டரில் ஒரு கிளையன்டுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குப் பொருந்துகிறவர்கள் நானும் ஒரு மதுரைக்காரரும். போகிறவர் பிழைத்தார். மற்றவருக்கு விசா போச்சு, ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். எனக்கு ஊரில் பெண் பார்த்து ஆவணியில் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தார்கள். மதுரைக்காரர் அதே அபார்ட்மென்டில் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். அவர் மனைவிக்கு ஏழாம் மாதம். அந்தப் பெண்ணுக்கு வாரத்தில் பாதி நாள் அக்காதான் சமைத்துக் கொடுத்தனுப்புவாள். அப்படிக் கொடுத்துக்கொண்டே, தம்பி பேர்தான் போகும் என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டும் இருந்தாள். நானும்தான். அக்கா புருஷன் கையில் பேனா இருக்கும்போது எனக்கென்ன பயம்? அத்தானிடம் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் அக்கா அவருக்கு ரசத்தை ஊற்றிவிட்டு முகத்தைப் பார்ப்பாள். அவர் தட்டைப் பார்ப்பார்.

ஜூலைக் கடைசி நாள் மதியம் போன வருஷம்போலவே என்னைக் காருக்குக் கூப்பிட்டார். பேஸ்பாலுக்குத்தான் என்று நினைத்துப் போனேன். அவர் டப்பாவைத் திறக்கவில்லை. ரேடியோவில் ஒரு பழைய ஆட்டக்காரரைப் பற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஒரே டீமுக்குப் பல வருஷம் ஆடினவர். அன்று காலை அவரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். உடை மாற்றுகிற அறையில் நிருபர் மைக்கை நீட்டி, போகிறீர்களாமே என்று கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. அத்தான் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. இடுக்கியை எடுத்துக் கம்பியைத் திருகினார். ரேடியோ அணைந்தது. அப்படிப் பாதியிலேயே அவர் அதை அணைத்து நான் பார்த்தது இல்லை.

“நான் உன் பேரு கொடுக்கல மாப்ள. அவரு பேரத்தான் கொடுத்துருக்கேன்” என்றார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டுவிடக் கூடாது என்றுதான் கூப்பிட்டாராம். அக்காவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை, முதலில் உன்னிடம்தான் என்றார். ஏன் என்று அவராகவே சொன்னார். “அவருக்கு அந்த வேலை தெரியும். உனக்கு இன்னும் வரல. நாளைக்கு ஆளுவ பிள்ளத்தாச்சிக்குப் பாவம் பாத்தான்னு பேசுவாவ. அது இல்ல. நீ நம்பாத.” அடப்பாவி மனுஷா, அந்தப் பிள்ளைத்தாய்ச்சியையே சொல்லியிருக்கக் கூடாதா? அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டாவது நான் பெரிய மனதோடு விமானம் ஏறியிருப்பேனே. அதைக்கூட விட்டுவைக்கவில்லை. இடுக்கியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தபடி இருந்தார்.

சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்று அக்காவிடமும் அவரே சொன்னார். பால் பொங்கிக்கொண்டிருந்தது. அக்கா துணியைச் சுற்றிப் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். “கார்ல கெடக்க இடுக்கிய எடுத்துட்டு வந்து வைங்க” என்றாள். அவர் போய் எடுத்துவந்து ஆணியில் மாட்டினார். அதன்பிறகு அந்தக் காரில் ரேடியோ பாடவில்லை.

ஊருக்கு வந்தேன். நிச்சயம் நின்றுபோனது. பெஞ்சிலிருந்து இறக்கிவிட்டுட்டாங்களா என்று அப்பா ஒரே ஒரு தடவை கேட்டார். விளையாட்டுக்குத்தான் கேட்டார், ஆனால் எனக்கு எரிந்தது. அத்தானோடு பேசவில்லை. அக்கா போன் பண்ணினால் அவரைப் பற்றிக் கேட்கமாட்டேன். மனதுக்குள் மட்டும் அந்த மாடிக்காரரை விசாரித்துக்கொண்டே இருந்தேன். திறமையைத்தான் பார்த்தாரா? இல்லை, மச்சினனுக்குச் செய்துவிட்டான் என்று நாலு பேர் சொல்லுவார்களே என்று பயந்தாரா? ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு தீர்ப்பு வரும். யோசித்து யோசித்து அலுப்புதான் மிச்சம்.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் அக்கா போனில் அழுதாள். முதலாளி இர்விங் ஆபீஸையே மூடிவிட்டாராம். அத்தான் வழக்கம்போலக் காலையில் போய்க் கார்டைக் காட்டியிருக்கிறார், கதவு திறக்கவில்லை. மறுபடி மறுபடி காட்டியிருக்கிறார். கடைசியில் கட்டடத்துக் காவல்காரர், பாவம், அவருக்கு என்ன தெரியும், அத்தானின் காபிக் கோப்பையையும் சாமி படத்தையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு எடுத்துவந்து கொடுத்திருக்கிறார். நியூ ஜெர்சியிலிருந்து ஒரு போன் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தவருக்குக் கதவுதான் சொல்லியிருக்கிறது. அத்தானிடம் கொடு என்றேன். வந்தார். அங்க மழையா மாப்ள என்று கேட்டார். ஆமாம் அத்தான் என்றேன். அவ்வளவுதான் பேசினோம். ஆனால் அன்றிலிருந்து பேச்சு விட்டுப்போகவில்லை.

பிறகு வேறு கம்பெனி வழியாக மறுபடி வந்து, இப்போது நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறேன். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் தற்செயலாக மதுரைக்காரரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த ப்ராஜெக்டையும் அந்தக் குளிர்காலத்திலேயே மூடிவிட்டார்களாம். அவரும் ஊருக்குப் போய், என்னைப் போலவே திரும்பி வந்திருக்கிறார். அப்போது வயிற்றில் இருந்த பெண் பக்கத்தில் நின்று இங்கிலீஷில் எனக்கு ஹாய் சொன்னாள். அஞ்சு வருஷம் கழிச்சுத் தெரியும் என்றாரே, தெரிந்தது இவ்வளவுதான். அந்தப் பேரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றும் தேறவில்லை.

போன ஜூலைக் கடைசியில் இர்விங்குக்குப் போயிருந்தேன். அத்தானுக்கு வயதாகிவிட்டது. காது மந்தம்; ஞாபகமும் முன்னே பின்னே ஆகிவிட்டது. மாத்திரை சாப்பிட்டோமா என்று இரண்டு தடவை கேட்கிறார். பழைய கார் எப்போதோ போய்விட்டது. அடுப்படி மேஜையில் உட்கார்ந்து அக்காவின் இடுக்கியைக் கையில் எடுத்துச் சும்மா திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் என் போனில் பேஸ்பால் செய்தியைச் சத்தமாக வைத்தேன். யாரையோ எங்கேயோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் கேட்டவர் என் பக்கம் திரும்பினார்.

“மாப்ள, அன்னைக்கு உன்கிட்ட நாந்தான சொன்னேன்? வேற யாரும் சொல்லலியே?”

அத்தனை வருஷ விசாரணையில் நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. கேட்கத் தேவையே இருந்ததில்லை. “நீங்கதான் அத்தான் சொன்னீங்க. கார்ல வச்சு, ரேடியோவ அணைச்சுட்டு” என்றேன்.

பால் பொங்கி வந்தது. அக்கா கையை நீட்டினாள். அத்தான் இடுக்கியை அவளிடம் கொடுத்தார்.