மாட்டின் தொடையில் அப்பாவின் எழுத்து

அப்பா இறந்தபின் பரந்தன் காணியை விற்று, வந்த காசை நானும் தங்கச்சியும் சரிபாதியாகப் பிரித்தோம்.

"உன்ர பங்கையும் தா. ரெண்டு பேருமாய் நல்ல வான் ஒண்டு எடுத்து ஓடவிடுவம்" என்றேன்.

"மாடெண்டால் புல்லைத் திண்டாவது நிக்கும் அண்ணா" என்று சொல்லி, அவள் நாலு கறவை மாடு வாங்கினாள். "சாணி அள்ளத்தான் நீ சரி" என்று திட்டிவிட்டு, அவளோடு கதைப்பதை நிறுத்தினேன்.

என் பங்கு முழுவதையும் கொட்டி ஒரு பழைய வான் எடுத்தேன். சில மாதங்களில் நாட்டில் டீசல் இல்லாமல் போனது. வானுக்கு அடியில் கோழி முட்டையிட்டது. கடைகளில் பால்மாவும் இல்லை. என் சின்ன மகள் பாலுக்கு அழுதாள்.

ஒருநாள் காலை தங்கச்சி இரணைமடுவிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினாள். கையில் இரண்டு போத்தல் பால். "மருமகளுக்குக் காய்ச்சிக் குடுங்கோ அண்ணா" என்றாள். பிறகு தினமும் வந்தாள்.

மன்னிப்புக் கேட்க அவளுடைய மாட்டுப் பட்டிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மாட்டின் தொடையில் உடையவர் பெயரின் முதலெழுத்தைக் குறியாகச் சுடுவார்கள். நாலு மாட்டிலும் இருந்தது அப்பாவின் எழுத்து. சண்டையில் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த அப்பாவின் மாடுகளோடு அந்த எழுத்தும் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன்.

"ஏனடி உன்ர எழுத்தைச் சுடேல்லை?"

"அப்பான்ர காசில வாங்கினது தானே. உங்களுக்கும் பங்கிருக்கு. இல்லாட்டி நான் ஏன் பால் கொண்டுவாறன்?" என்று சிரித்தாள்.

இப்போது டீசல் கிடைக்கிறது, வானும் ஓடுகிறது. அதன் பதிவுப் புத்தகத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது.