பதினோராம் பக்கத்தின் புதுத் தேதி

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு வரிக்குக் கிறீச்சிட்டுக்கொண்டு போகும், அடுத்த வரிக்கு மூச்சு வாங்கித் திரும்பும். நான் எழுதிய முதல் கையேடு ஒரு பகல் முழுக்க அப்படி அழுதுகொண்டேதான் பிறந்தது. யாரும் படிக்கவில்லை. மென்பொருளுக்குக் கையேடு எழுதுவது, ஏதாவது உடைகிற வரை யாரும் திறக்காத கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. இதிலேயே உழலும் உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அறுபத்து மூன்று வயதிலும் ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்கு பஸ் பிடித்துப் போய் அதையே செய்கிறேன். விவசாயிகள் அனுப்பும் அறுவடை விவரத்தை எங்கள் இணையச் செயலி வரைபடமாக்கிக் காட்டும். டெவலப்பர்கள் புரோகிராமை மாற்றுவார்கள். மாற்றியதை அவர்களுக்காகவே நான் எழுதி வைப்பேன். பாலத்தைக் கடக்கும்போது காவிரியில் வெறும் மணல் தெரிந்தால் மனசு கனக்கும். ஆபீஸில் உட்கார்ந்ததும் சரியாகிவிடும்.

சின்ன மாற்றம்

செந்தில் எங்கள் மூத்த டெவலப்பர். கெட்டிக்காரன், எழுதச் சொன்னால் மட்டும் பல்வலி வந்தவன் மாதிரி முகம் வைத்துக்கொள்வான். முன்பெல்லாம் வாழை அறுவடையைத் தார் எண்ணிக்கையில் கொடுத்தால் போதும், செயலியே கிலோவாக மாற்றிக்கொள்ளும். ஒருநாள் அந்த இடத்தில் அவன் ஏதோ செய்வதைப் பார்த்து, “என்னப்பா மாத்தினே? நான் எழுதணுமே” என்று கேட்டேன்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்: “ஒண்ணும் மாத்தலைங்க மேடம், சும்மா ஒரு சின்ன மாற்றம்தான்.”

படிக்கிற பெண்

நஸ்ரீன் தென்னூர்ப் பெண். ஆறு மாத ப்ரொபேஷனில் சேர்ந்திருந்தாள். வீட்டில் அவள் சம்பளம்தான் அடுப்பு. வேறு யாரும் செய்யாத ஒன்றை அவள் செய்தாள்: கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். முப்பது வருஷம் பாடியவளுக்கு முதல்முறை ஒரு ரசிகை கிடைத்த மாதிரி எனக்கு இருந்தது.

ஒருநாள் ஓடி வந்தாள். “மேடம், நீங்க குடுத்த எடுத்துக்காட்டை அப்படியே போட்டேன். ஓடுது!”

“ஓடத்தானேம்மா எழுதினது?”

“காலேஜ்ல எங்களுக்கு ஒண்ணுகூட ஓடினதில்லைங்க மேடம்.”

எண்ணூறு

முசிறி வாழை விவசாயிகள் குழுவின் விவரத்தைச் செயலியில் ஏற்றும் வேலை நஸ்ரீனுக்குக் கொடுக்கப்பட்டது. பதினோராம் பக்கத்தில் நான் எழுதியிருந்தபடி தார் எண்ணிக்கையை அனுப்பினாள். திரையில் வரைபடம் அழகாக வந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

மறுநாள் காலை குழுத் தலைவர் தங்கவேல் போனில் வந்தார். மேலாளர் ரகு ஸ்பீக்கரில் போட்டார். “எண்ணூறு தார் வெட்டி ஏத்தியிருக்கோம். உங்க படத்துல எண்ணூறு கிலோன்னு காட்டுது. நாங்க வாழை போட்டோமா, வெத்தலை போட்டோமா?”

புதுத் தேதி

நஸ்ரீனின் வேலையை உறுதி செய்யும் கடிதத்தை ரகு நிறுத்தி வைத்தார். வெள்ளிக்கிழமை முடிவு என்றார். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

பழைய திருத்தங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். செந்திலின் சின்ன மாற்றம் இதுதான்: இனி கிலோவில்தான் கொடுக்க வேண்டும். அது நடந்த வாரம் வைகுண்ட ஏகாதசி. தெருவெல்லாம் கூட்டம், வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். அப்போது நான் செய்தது கையேடு எழுதும் நம்மில் எல்லோரும் செய்வதுதான். உள்ளே ஒரு வரியையும் தொடாமல், எல்லாப் பக்கங்களிலும் ‘கடைசியாகத் திருத்திய நாள்’ என்பதை மட்டும் ஒரே மூச்சில் புதிதாக்கியிருந்தேன்.

“சந்தேகமா இருந்தா கேட்டிருக்கலாமேம்மா” என்றேன்.

“தேதி புதுசா இருந்துச்சு மேடம். அதான் நம்பிட்டேன்.”

வெள்ளிக்கிழமை

கூட்டத்தில் தப்பு என்னுடையது என்றேன். ரகு சிரித்தார். “சின்னப் பொண்ணு மேல பரிதாபப்பட்டு நீங்க பழியை ஏத்துக்காதீங்க மேடம்.” என் நேர்மைக்கு இவ்வளவு மோசமான மரியாதை அதுவரை கிடைத்ததில்லை. எழுந்து போய், அந்தப் பட்டியலைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். பதினான்கு பக்கம், பதினான்கு புதுத் தேதி, மாறிய சொல் ஒன்றுகூட இல்லை. ரகுவின் சிரிப்பு நின்றது.

கடைசி நாற்காலியிலிருந்து செந்தில் கையைத் தூக்கினான். “என் பேரையும் சேத்துக்குங்க மேடம். பெரிய மாற்றத்தைச் சின்னதா சொன்னது நான்தான்.”

முசிறி ஒப்புதல்

அன்று மாலையே நஸ்ரீன் வரைபடத்தைச் சரிசெய்தாள். தாரா, கிலோவா என்று சொல்லாமல் எண்ணை ஏற்கக் கூடாது என்று செயலியிலும் ஒரு தடை வைத்தாள். அதை நான் கையேட்டில் எழுதினேன். இந்த முறை ஓட்டிப் பார்த்துவிட்டு. தங்கவேலுக்கு நானே போன் செய்து சொன்னேன்.

“இப்ப சரியா இருக்குங்கம்மா. அந்தப் பழைய படத்தை மட்டும் அழிச்சிருங்க, என் மச்சான் பாத்துட்டுச் சிரிக்கிறான்.”

நஸ்ரீனின் வேலை அந்த மாதமே உறுதியானது. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு பக்கமும் அவள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போகிறது.