கடைசி பஸ் எப்போது?

தைவானுக்குக் காவலாக அமெரிக்கா கப்பல் அனுப்பிய செய்தி வந்த நாள். கோவையிலிருந்து கரூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் முறுக்கு மீசையும் கனத்த உடம்புமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பல்லடத்திலும் காங்கேயத்திலும் எழுந்து, திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டார்.

என் பேப்பரை எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இந்தக் கப்பல் எத்தன நாளைக்குங்க அங்கயே நிக்கும்?"

"தெரியலைங்க. ஏன் கேக்கறீங்க?"

"வெள்ளகோயில்ல தங்கச்சி வெள்ளாமக் காட்டுக்குள்ள, பக்கத்துக் காட்டுக்காரன் வேலிய நகத்திப்போட்டானுங்க. பெரிய கை. போன மாசம் போயி சத்தம் போட்டேன், வேலியப் புடுங்கிட்டான். நான் பஸ் ஏறுனதும் மறுக்கா நட்டுப்போட்டான்."

"இன்னைக்கும் சத்தம் போடப் போறீங்களா?"

"தங்கச்சி வர வேண்டாங்கறாளுங்க. 'நீங்க போயிருவீங்கண்ணா, நான் அவன் கெணத்துலதான தண்ணி சேந்தோணும்'ங்கறா."

"அப்புறம் ஏன் போறீங்க?"

"போகலீன்னா, அண்ணனே உட்டுட்டான்னு அவன் நெனச்சுக்குவானுங்களே."

வெள்ளகோவிலில் இறங்கியவர், சட்டைக் கையை மடித்தும் இறக்கியும் அங்கேயே நின்றார். எங்கள் பஸ் கிளம்பியபோதும் நின்றுகொண்டிருந்தார்.

கப்பல்கள் திரும்பிவிட்டதைப் பிறகு படித்தேன். அவர் தங்கை வீட்டுக்குப் போனாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.