வரதனின் வீட்டுக் குரல்

மின்பொறியியல் பட்டப்படிப்பில் உயிர்மருத்துவப் பொறியியலுக்கு விருப்பப் பாடம் என்று பெயர். வேறு பாடத்தில் இடம் கிடைக்காதவர்களே பெரும்பாலும் அதை விரும்புவார்கள். அவ்வாறு விரும்பியவர்களுள் நீங்களும் ஒருவரென்றால், அதைக் கேட்டு வாங்கிய என் துயரம் உங்களுக்குப் புரியும்.

கேட்டு வாங்கிய பாடம்

நந்தனத்தில் மாலை வகுப்பு. மாணவர்களில் நானே மூத்தவன். ஒரே கதையை ஒருவரே வெவ்வேறு சமயங்களில் எப்படி மாற்றிச் சொல்கிறார் என்று ஒலிப்பதிவு செய்து ஒப்பிடுவது என் நெடுநாளைய ஈடுபாடு. எனக்கு மிகுதியாகக் கதை சொன்னவர் மயிலாப்பூர் நண்பர் வரதன்; அவற்றில் பாதி அவருடைய அண்ணனைப் பற்றியவை. புற்றுநோய்க்காக அவருடைய குரல்வளையை அகற்றிவிட்டார்கள். கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிர்ந்து, வாயசைவைப் பேச்சாக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. ஆனால் எவர் பேசினாலும் அதே இயந்திரக் குரல்தான். வரதன் அதை இழுப்பறையில் போட்டுவிட்டு மௌனமாகிவிட்டார். அவர் குரலை ஒத்த கருவி ஒன்றைச் செய்யவே இப்பாடத்தை எடுத்தேன். பக்கத்து இருக்கைப் பாபுவிடம் இதைச் சொன்னேன்.

“இன்னா சார், நான் வேற பேப்பர் கெடைக்காம வந்து குந்திகினு கீறேன், நீங்க ஒரு ஆளுக்கு வாய்ஸே குடுக்க வந்துக்கீறீங்க!”

முதல் இதயத் துடிப்பு

ஆய்வகத்தில் இதயத் துடிப்பைப் பதிய, பாபுவின் மார்பில் மின்வாய்களை ஒட்டினோம். திரையில் அழகான அலை, துளியும் பிசிறில்லாமல் ஓடியது. நான் மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேராசிரியை வந்தார், சுவரிலிருந்த விளக்குச் சுவிட்சை அணைத்தார், விளக்கோடு அலையும் அடங்கியது.

“இது பாபுவோட இதயம் இல்ல சார், நம்ம டியூப்லைட்.”

மேடைக் குரல்

வரதனின் பதிவுகளிலேயே மிகத் தெளிவானதைத் தேர்ந்து, அதன் சுருதியை அளந்து, பாபுவும் நானும் கருவியை அமைத்தோம். வரதன் அதைக் கழுத்தில் வைத்து, “கமலா, காபி கெடைக்குமா?” என்றார். அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்தார். முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

“இது மைக்கைப் பார்த்தா வர்ற குரல். ஆத்துல என்னண்ட பேசற குரல் இது இல்லை.”

இல்லாத பதிவு

கமலா சொன்னது சரி. கதை தொடங்கும்போது பதிவுக் கருவியை முடுக்கி, முடிந்ததும் நிறுத்துவது என்னைப் போன்ற கதைத் தொகுப்பாளர்களின் வழக்கம். எத்தனையோ மணி நேரப் பதிவுகளைத் துழாவினேன். ஒரே கதைக்கு நான்கு வடிவங்கள் இருந்தன, வீட்டுப் பேச்சு ஒரு வரிகூட இல்லை. கமலாவின் கைபேசியில், மாம்பலம் மார்க்கெட்டிலிருந்து வரதன் கத்தரிக்காய் சின்னதா பெரிசா என்று கேட்டு அனுப்பிய குரல்செய்தி ஒன்று இருந்ததாம். பாண்டி பஜாரில் கைபேசியை மாற்றியபோது அதுவும் போய்விட்டது.

“தெனமும் காதுல விழற குரலை யாரு சேர்த்து வெப்பா, சொல்லுங்கோ?”

திருகு

அளக்க ஏதுமில்லாததால், கருவியில் சுருதியை ஏற்றி இறக்கும் திருகு ஒன்றைப் பாபு பொருத்தினான். வரதன் அதே காபியைத் திரும்பத் திரும்பக் கேட்க, கமலா கண்ணை மூடிக்கொண்டு தாமே திருகினார். ஓரிடத்தில் கை நின்றது. சற்றே மேலே, மறுபடி கீழே, அதற்குமேல் நகரவில்லை. வரதன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அவர் இல்லை. அவரோட அண்ணா வந்திருக்காப்ல இருக்கு. பரவால்லை, பேசிண்டிருக்கட்டும்; காபி கொண்டு வரேன்.”

ஆக, ஒரு பாடத்தை முழுதாகப் படித்துத் தேறி நான் மீட்டுக் கொடுத்தது, கதைகளில் பலமுறை கேட்டிருந்தும் நான் ஒருபோதும் பார்த்தறியாத ஒரு தமையனின் குரலைத்தான்.