மூல நட்சத்திரத்தில் பிறக்காதவனுக்கு நடந்த அர்ச்சனை

தொண்ணூற்றாறாம் வருட ஐப்பசியில் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. எங்கிருந்து என்பதை உங்களைப் போன்ற பக்தர்கள் முன்னிலையில் எப்படிச் சொல்வது? உட்காரும் இடத்திலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே என் சிறுநீரகங்கள் இரண்டும் பாதி வேலைநிறுத்தத்தில் இருந்தன. உப்புக் கூடாது, பருப்பும் தண்ணீரும் அளவாக. தி. நகர் டாக்டரிடம் மாதாமாதம் ஆஜராவேன். அவரிடம்கூட இதைச் சொல்லவில்லை. வெட்கம். நாலு புத்தகம் படித்த திமிரில் நானே முடிவு செய்தேன்: மூலம். மனைவி விஜயாவிடமும் அப்படியே சொன்னேன்.

காலையில் அதை நம்புவேன். விளக்கேற்றும் நேரத்துக்குள் நம்பிக்கை போய்விடும். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. வயிற்றுக்குள் யாரோ குடிவந்துவிட்டதாகத் தோன்றும். கற்பகாம்பாளிடம் தினமும் ஒரே வேண்டுதல்: 'அம்மா, வெறும் மூலமாக இருக்கட்டும். யாருக்கும் தெரியாமலே சரியாகிவிடட்டும்.'

ஒரு வெள்ளிக்கிழமை விஜயா அர்ச்சனைக்கு இழுத்துப் போனாள். நல்ல கூட்டம். "பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

விஜயா தணிந்த குரலில், "சந்திரசேகரன். இவருக்கு மூலம், குருக்களே..." என்றாள்.

"மூலா நட்சத்ரே, தனுர் ராசௌ..." என்று அவர் தொடங்கிவிட்டார்.

"ஐயோ, நட்சத்திரம் ரோகிணி! மூலம் வியாதி! ரத்தமா போறது!"

சந்நிதி முழுக்கக் கேட்டது. குருக்கள் மட்டும் அசரவில்லை. "முதல்லயே சொல்லப்படாதோ, மாமி? மாமா ஜாதகத்தையே மாத்திட்டேனே" என்று புதிதாக ஆரம்பித்தார்.

தலைகுனிந்து வெளியே வந்தேன். வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண்மணி பிராகாரத்தில் வந்து பிடித்துக்கொண்டார்.

"சார், நான் டாக்டர். மூலம்னு யார் பார்த்துச் சொன்னாங்க?"

"யாரும் பார்க்கலை. நானேதான்..."

"கண்ணாடி வெச்சுப் பார்த்தீங்களா?"

"இவருக்குக் கிட்னி வேற சரியில்லை, டாக்டர்" என்றாள் விஜயா.

அவர் முகம் மாறியது. "அப்போ கண்டிப்பா காட்டிடுங்க. கிட்னி கோளாறு இருக்கறவங்களுக்குக் குடல்ல புற்று வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதலா இருக்கலாம்னு சொல்றாங்க. உங்களுக்கு இருக்குன்னு சொல்லலை. ஆனா மூலம்னு நினைச்சு உட்கார்ந்துடாதீங்க."

"உட்காரவே முடியலை, டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் பயம் முழுசாக வந்தது.

அடையாறு ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன் குடலைக் கழுவ எந்த மருந்து கொடுத்தால் சிறுநீரகம் தாங்கும் என்று இரண்டு டாக்டர்கள் என் தலைக்கு மேல் விவாதித்தார்கள். கட்டி இருந்தது. அறுத்து எடுத்தார்கள். அது எவ்வளவு பரவியிருக்கிறது என்ற ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த நாட்களில் எனக்கு ஒரு சுலோகமும் வாயில் வரவில்லை. 'அம்மா, பயமாயிருக்கு' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புற்றுதான். குடல் சுவரைத் தாண்டவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா..." என்றார் டாக்டர்.

நான் கேட்ட இரண்டையுமே அம்பாள் தரவில்லை. அது மூலமுமில்லை, ரகசியமுமில்லை. உயிரை மட்டும் தந்தாள்.

இரண்டு வருடமாகிறது. சிறுநீரகம் நொண்டிக்கொண்டிருக்கிறது. குழாய்ப் பரிசோதனைக்குத் தேதி வந்தால் இன்றும் பயந்துவிடுகிறேன். ஆனால் எதையும் மறைப்பதில்லை. டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உங்களில் யாராவது இப்படி மென்று விழுங்கிக்கொண்டிருந்தால், அம்பாளிடம் சொல்லுங்கள், அப்படியே டாக்டரிடமும். பயம் தெளிந்த பிறகுதான் நம்ப வேண்டும் என்றில்லை. நடுங்கிக்கொண்டே நம்பலாம். எனக்கு வேறு விதமாக நம்பத் தெரியாது; அவள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.