லைசென்ஸ்காரர் ஆறுதல் சொன்ன நேரம்

வீட்டுச் சுவர்களில் சற்றலைற் தட்டுப் பூட்டித் தமிழ் நிகழ்ச்சி பார்க்கத் தொடங்கிய பிறகு எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். ரீவி வைத்திருக்கிற வீடெல்லாம் வருடாவருடம் எடுக்கவேண்டிய இந்த வெள்ளைக்காரருடைய ரீவி லைசென்சுக்கு இன்னும் ஏன் காசு கட்டவேண்டும்? கலியாண மண்டபத்தில் கேட்கிறார்கள். கோயிலில் அன்னதான வரிசையில் நின்றும் கேட்கிறார்கள். என் கணவரிடம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார். ஒரு காலத்தில் இந்தக் கேள்வியை லண்டன் ஈஸ்ட் ஹாம் முழுவதும் காவிக்கொண்டு திரிந்தவரே அவர்தான்.

எண்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறை எடுத்து இருந்தோம். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. நான் கைக்குழந்தையோடு வீட்டில். கீழ்வீட்டில் இருந்தவர்கள் வீடு மாறியபோது தூக்க மனமில்லாமல் விட்டுப்போன பெரிய கலர் ரீவி ஒன்று எங்களுக்கு வந்து சேர்ந்தது. மரப்பெட்டி வைத்த ரீவி, அசைக்கவே நாலு பேர் வேண்டும். அதோடு ஒரு பழைய வீடியோ டெக்கும் கிடைத்தது. அதன் முன்பக்கம் பெரிய பெரிய பொத்தான்கள் நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும்.

"நாங்கள் பாக்கிறது தமிழ்ப் படக் கசெற். அவங்கட நிகழ்ச்சியை ஆர் பாக்கிறது? பிறகேன் அவங்களுக்குக் காசு?" என்பது என் கணவரின் சட்டம். அன்ரனா வயரைக் கழற்றிவிட்டால் ரீவி ரீவியே இல்லை, சும்மா ஒரு பெட்டி என்று யாரோ வேலைத்தலத்தில் சொல்லியிருந்தார்கள். டெக்கின் பின்னால் இருந்த வயரை அன்றைக்கே இழுத்து, சுருட்டி, அலுமாரிக்கு மேலே எறிந்துவிட்டார்.

அவருக்கு என்ன, வேலைக்குப் போனால் நாலு முகம் பார்க்கலாம். எனக்குப் பகல் முழுவதும் ஒரு மனிதக் குரல் கிடையாது. குளிர்காலத்தில் பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடும். நான் முக்காலியில் ஏறி வயரை எடுத்துச் செருகுவேன். எனக்குப் பிடித்தது ஸ்னூக்கர். அதைப் பார்க்க ஆங்கிலம் தேவையில்லை. பச்சை மேசையைச் சுற்றிக் கறுப்பு உடுப்புக்காரர் சிலர் சத்தமில்லாமல் நடப்பார்கள். ஒருவர் குனிந்து தட்டுவார், ஒரு பந்து குழிக்குள் விழும், சனம் கைதட்டும். பேசுகிறவர்கூடக் கோயிலில் பேசுவதுபோல அடக்கமாகத்தான் பேசுவார். மடியில் பிள்ளை நித்திரையாகிவிடும், எனக்கும் கொஞ்ச நேரம் ஒன்றும் யோசிக்காமல் இருக்கலாம்.

வேலையால் வந்தவுடன் அவர் வயரைக் கழற்றி மேலே எறிவார். அவர் போனவுடன் நான் எடுத்துச் செருகுவேன். இது இரண்டு மூன்று வருடம் நடந்தது, இரண்டு பேரும் வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. எனக்குப் பிடிவாதம், அவருக்குப் பயம். எங்கள் அகதி வழக்கு முடியவில்லை, கடவுச்சீட்டுகள் அரசாங்கத்திடம் இருந்தன. லைசென்ஸ் கேட்டு வருகிற கடிதங்களைக் கிழித்தெறிகிற அதே மனிதர் கதவு தட்டப்பட்டால் முகம் வெளிறி நிற்பார்.

அந்த நேரத்தில் என் அப்பா யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டுக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தார். வந்த காரணம் என்னோடு போனில் கதைக்கலாம் என்பதுதான். எங்கள் சுவரில் மாட்டியிருந்த ஒரேயொரு படம் அவருடைய கலியாணப் படம், கறுகறுவென்று தலைமுடியோடு. நான் நாட்டை விட்டு வரும்போதுகூட அவ்வளவாக நரைத்திருக்கவில்லை. போனில் ஒருநாள் சிரித்துக்கொண்டு சொன்னார்: "தலையெல்லாம் வெள்ளையாய்ப் போச்சு பிள்ளை. இப்ப என்னைக் கண்டா உனக்கு மட்டுக்கட்டேலாது, ஆரெண்டே தெரியாது."

நானும் சிரித்தேன். அடுத்த மாதம் லொட்ஜிலேயே நெஞ்சு வலி வந்து போய்விட்டார். கடவுச்சீட்டு இல்லாதவள் எங்கே போவது? போனில் தம்பி அழுதபடி, "எல்லாத்தையும் வீடியோ எடுப்பிக்கிறன் அக்கா, நீ முகத்தையாவது பார்" என்றான். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் சாப்பிட்டேன், பிள்ளைக்குத் தலை வாரினேன், கடைக்குப் போய்வந்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் கசெற் வந்தது. அந்தக் காலத்தில் இப்படியொரு கசெற் வந்தால் தனியே போட்டுப் பார்க்கமாட்டோம். அதுவும் செத்தவீடுதான். வேண்டியவர்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும். நிறமில்லாத சேலையோடு வருவார்கள், நிலத்தில் இருந்து பார்த்து அழுவார்கள். கசெற் முடிந்ததும் சாவுத் தீட்டான துடக்குப் போக எல்லோரும் தலைக்குத் தோய்ந்த பிறகுதான் அடுப்பில் தேத்தண்ணிக்கு வைப்பது. குளியலறை ஒன்று, சுடுதண்ணீர் கொஞ்சம், கடைசியாகத் தோய்கிறவர் நடுங்கிக்கொண்டு வருவார். மற்றவர்களுடைய அறைகளில் நானும் இப்படி எத்தனையோ செத்தவீட்டுக்குப் போய் முறையாக அழுதுவிட்டு வந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்தோம். சட்டனிலிருந்து மாமி, அப்பாவின் ஒரே தங்கச்சி, மாற்றுச்சேலையும் துவாயும் பையில் வைத்துக்கொண்டு ரயில் மாறி மாறி வந்தார். தெருவில் தெரிந்த பெண்கள் சிலரும் வந்தார்கள். மூன்று வயது மகள் என் மடியில். அன்று காலையும் அவர் வேலைக்குப் போனபின் நான் செருகிய வயர் டெக்கின் பின்னால் அப்படியேதான் இருந்தது, அதை யார் நினைத்துப் பார்த்தது?

வீடியோக்காரன் கலியாணம் எடுத்துப் பழகினவன் போலிருக்கிறது. முதலில் ரோசாப்பூக்களுக்கு நடுவில் எழுத்துகள் சுழன்று வந்தன. பிறகு உடலை வைத்திருந்த மலர்ச்சாலையின் வாசல், கூரையில் மின்விசிறி, வந்தவர்கள் ஒவ்வொருவராக. எனக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் சவப்பெட்டியின் கால்பக்கத்துக்கு வந்தான். அங்கிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறினான். சேர்த்துக் கட்டிய பெருவிரல்கள். வேட்டிக் கரை. பிறகு கைகள். வலது பெருவிரலில், எப்போதோ கதவில் நசுங்கிக் கோணலாக வளர்ந்த நகம். அதைக் கண்டதும் அது அப்பாதான் என்று என் உடம்புக்கே தெரிந்தது.

"என்ர அண்ணை!" என்று மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

படம் சால்வை போர்த்திய நெஞ்சுக்கு ஏறியது. அப்போதுதான் கீழே யாரோ கதவைத் தட்டினார்கள்.

யன்னலோரம் இருந்த பெண் எட்டிப் பார்த்தார். "வெள்ளைக்காரன் ஒருத்தன். கையில ஃபைல்."

"லைசென்ஸ்காரன்!" என்று என் கணவர் பாய்ந்தார். விரித்த கையால் டெக்கின் பொத்தான்களை ஒரே அமுக்காக அமுக்கினார். ரீவியை நிறுத்தினார். கட்டிலில் கிடந்த வெள்ளை விரிப்பை இழுத்து ரீவியையும் டெக்கையும் சேர்த்து மூடினார். பெண்கள் திகைத்துப்போய் அழுகையை நிறுத்திவிட்டார்கள். "நிப்பாட்டாதேங்கோ, அழுங்கோ!" என்றார். மாமி அவரைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

தெருக்கதவு பூட்டியிருக்கவில்லை. அந்த மனிதர் படியேறி எங்கள் அறை வாசலுக்கே வந்துவிட்டார். வயதானவர், மழையில் நனைந்திருந்தார். அறைக்குள் பார்த்தார். வெள்ளைத் துணியால் மூடிய பெரிய ஒன்றைச் சுற்றிப் பெண்கள் நிலத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர் என்ன நினைத்தாரோ, ஃபைலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். என் கணவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மாமனார் செத்துப்போனார் என்றார்.

அவர் அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. தன்னை மன்னிக்கும்படி சொன்னார். எத்தனை வயது, திடீரென்றா நடந்தது என்று கேட்டார். நான் எழுந்துபோய் வாசலில் நின்றேன். செத்தவரின் மகள் நான்தான் என்று தெரிந்ததும் என்னைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். தன் தாய் இறந்து ஒரு வருடம் ஆகவில்லை என்றார். மற்றவர்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள், நீ அவசரப்பட்டு மறக்க வேண்டாம் என்றார். ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அந்த நாட்டில் என் அப்பாவின் சாவுக்கு என்னிடம் அவ்வளவு நேரம் துக்கம் விசாரித்த வெள்ளைக்காரர் வேறு யாரும் இல்லை. நான் கைகூப்பி நன்றி சொன்னேன். மனம் நிறைந்துதான் சொன்னேன்.

இன்றைக்குத் தொந்தரவு செய்யமாட்டேன் என்றுவிட்டு அவர் இறங்கிப் போனார். "போயிட்டான்" என்று சொல்லும்போது என் கணவரின் முகத்தில் கெட்டித்தனச் சிரிப்பு ஒன்று வந்தது. விரிப்பை இழுத்தார். டெக்கில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெட்டியோடு பகல் முழுக்கக் கிடந்தவள் நான், அதைக் கண்டவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ரீவியில் போவதைக் கசெற்றில் பதிகிற பொத்தானும் ஓடுகிற பொத்தானும் சேர்ந்து அமுங்கியிருந்தன.

பின்னுக்குச் சுற்றி மறுபடி போட்டோம். பெருவிரல்கள், வேட்டிக் கரை, கைகள், கோணல் நகம், சால்வை. பிறகு பச்சை. பச்சை மேசை, அதைச் சுற்றிக் கறுப்பு உடுப்பும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சிபோல் முடிந்த ரையும் போட்ட ஆண்கள். நரைத்த தலையோடு ஒருவர் குனிந்து தடியால் குறிபார்த்துக்கொண்டிருந்தார்.

"இதென்ன?" என்றார் மாமி. இப்போது முடிந்துவிடும், இப்போது முடிந்துவிடும் என்று எல்லோரும் நிலத்தில் இருந்தபடி ஸ்னூக்கர் பார்த்தோம். அந்த மனிதர் எனக்கு ஆறுதல் சொன்ன நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் அது ஓடியது. பிறகு படம் கிழிந்து மறுபடி மலர்ச்சாலை வந்தது. பெட்டியை மூடியாகிவிட்டது. ஆண்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாமி எழுந்துபோய்த் தோய்ந்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் சட்டனுக்குப் போனார். அதற்குப் பிறகு கனகாலம் என் கணவரோடு கதைக்கவில்லை. தம்பிக்கு போன் எடுத்து இன்னொரு பிரதி கேட்டேன். வீடியோக்காரன் மூலக் கசெற்றை அழித்து ஒரு கலியாணத்துக்குப் பாவித்துவிட்டானாம். போட்டோ ஒருவரும் எடுக்கவில்லை, வீடியோ இருக்கிறதே என்று விட்டுவிட்டார்களாம்.

என் கணவர் அடுத்த நாளே தபால் கந்தோருக்குப் போய் லைசென்ஸ் முத்திரை வாங்கத் தொடங்கினார். கிழமைக்கு ஒன்றாக வாங்கி ஒட்டிச் சேர்த்துக் கட்டுவது அது. அன்ரனா வயரைச் சுவரோரமாக ஆணியடித்து நிரந்தரமாகப் பொருத்தினார். மன்னித்துக்கொள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், கத்தினால் கொஞ்சம் ஆறியிருக்கும். 'நீ வயரைச் செருகாமல் விட்டிருந்தால் ஸ்னூக்கர் வந்திராது' என்றும் அவர் சொல்லவில்லை. வயர் இல்லாவிட்டாலும் முகம் அழிந்துதான் இருக்கும், வெறும் புள்ளிமழையாக இருந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் அதைச் சொல்லாமல் விட்டதற்காக எனக்கு அவர்மேல் நன்றியும் உண்டு, எரிச்சலும் உண்டு. அதற்குப் பிறகு அவர் அந்த டெக்கைத் தொட்டதில்லை. நான் ஸ்னூக்கர் பார்த்ததும் இல்லை, வருடத்தில் ஒருநாளைத் தவிர.

அப்பாவின் திவசத்தன்று படையல் முடிந்ததும் அந்தக் கசெற்றைப் போடுவேன். பச்சை மேசை வரும்போது வேகமாக முன்னுக்கு ஓட்டிவிடலாம். பழைய நாடா அறுந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு ஓட்டாமல் விடுவேன். உண்மையில் ஏன் என்று எனக்கே தெரியாது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு முடியும்வரை அங்கேயே இருப்பார். இதைப் பார்த்துப் பார்த்தே மகள் வளர்ந்தாள். ஒவ்வொரு வருடமும் கேள்வி கேட்காமல், எங்களைவிடக் கவனமாகப் பார்ப்பாள்.

அவளுக்கு ஒன்பது வயதான வருடம் மாமியும் வந்திருந்தார். சாப்பிடும்போது, "வீட்டில தமிழ்ச் சனல் எல்லாம் வருகுது, இன்னும் அந்த லைசென்சைக் கட்டுறியளோ?" என்று மாமியே கேட்டுவிட்டார். என் கணவர் கை கழுவ எழுந்துபோனார். நான் கசெற்றைப் போட்டேன்.

கோணல் நகம் போய் பச்சை வந்தது. நரைத்த தலைக்காரர் குனிந்தார், ஒரு கண்ணைச் சுருக்கிக் குறிபார்த்தார், தட்டினார், பந்து விழுந்தது. சனம் கைதட்டியது. மகள் சுவரில் இருந்த கலியாணப் படத்தைப் பார்த்தாள், பிறகு ரீவியைப் பார்த்தாள்.

"அம்மா, அம்மப்பா கடைசியில வின் பண்ணினவரோ?"

மாமி கையால் வாயைப் பொத்தினார். கை துடைத்துக்கொண்டு வந்த என் கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்று வயதிலிருந்து அவள் பார்த்த கதை இதுதான். கறுத்த முடியோடு சுவரில் இருக்கிறவர், நரைத்தபின் பச்சை மேசையில் விளையாடினார், பிறகு பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள். எல்லோரும் சுற்றியிருந்து அழுகிற கசெற்றில் வேறு யாருடைய முகம் வரும் என்று அந்தப் பிள்ளை நினைப்பாள்?

ஸ்னூக்கர் மேசையில் குனிந்திருந்த அந்த வெள்ளைக்காரக் கிழவரின் முகத்தை நான் பார்த்தேன். அன்றுவரை அவரை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை. வெறுத்திருக்கிறேன். என் அப்பாவுக்கு நரைத்திருந்தால் எப்படி இருந்திருப்பார் என்று அந்த முகத்தில் தேடினேன். மட்டுக்கட்ட முடியவில்லை. அப்பா சொன்னதுதான்.

"ஓம் பிள்ளை," என்றேன். "வெண்டவர்."

லைசென்ஸ் இன்னும் கட்டுகிறோம். பிரயோசனமா என்று கேட்கிறவர்களுக்கு என் கணவரைப்போல நானும் பதில் சொல்வதில்லை. என் மகளுக்கு அவளுடைய அம்மப்பாவின் முகம் அந்த ரீவியிலிருந்துதான் கிடைத்தது. எனக்கு அதுவும் கிடைக்கவில்லை.