மெயிலில் விட்டுப்போனவர்

பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான். ஆர்டர் கொடுத்த பையர் துணியின் நீலத்தைக் கொஞ்சம் வெளிறலாக்கச் சொன்னதும், முதலாளி முதல் பேக்கிங் வரை இருபது பேருக்கு மெயில் தட்டிவிட்டு, ஊருக்கே சேதி சொன்ன பெருமையில் டீ குடித்தேன். சாயப்பட்டறையில் கலர் கலக்குகிறவரை மறந்துவிட்டேன். துணி மொத்தமும் பழைய நீலத்திலேயே வெந்துவிட்டது.

பதறிப்போய் ஓடினேன். ஆவி மண்டிய பட்டறையின் கடைசி அறையில் அவர் தனியாக இருந்தார். விரலிடுக்கெல்லாம் சாயம். துணித்துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், இருவது பேருக்குச் சொன்னீங்க. கலக்கறவனுக்குச் சொல்லலீங்களே?"

பழி அவர்மேல் விழுந்து, அவரை வேலையை விட்டு நிறுத்தவிருந்தார்கள். தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன், அவர் வேலை தப்பியது. அதோடு நிறுத்தாமல் மறுபடி அவர் அறைக்குப் போய், "இனிமே உங்க போனுக்கே மெயில் வர்ற மாதிரி பண்ணிடறனுங்ண்ணா" என்றேன்.

வெளிச்சத்தில் பிடித்திருந்த துணியை அவர் இறக்கினார்.

"வேண்டாமுங்க. கலர் மாறுனாத்தான் இந்த ரூமுக்கு ஆராச்சும் வர்றாங்க. போன்லயே வந்துட்டா, அப்பறம் ஆருங்க வருவாங்க?"

இப்போதெல்லாம் கலர் மாறாத நாளிலும் அங்கே போய் நிற்கிறேன். என்ன பேசுவது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.